“காசநோய் இருந்தவைக்குத் தனி பெர்மிட்” என்று எங்களிடம் இரண்டு லட்சம் கறந்த கதை

கனடா ஸ்பொன்சருக்கு மெடிக்கல் எடுத்து, எக்ஸ்ரேயில் ஏதோ தெரிகிறது என்று அலுவல் இழுபடுகிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் அப்படியான வீடுகளாகத் தேடிப் போகிற ஒருவரிடம் நாங்கள் மாட்டினோம்.

என் தம்பிக்கு 2011 இல் காசநோய் வந்தது. செட்டிகுளம் முகாமால் வந்த பிறகு விடாத இருமல். அரசாங்க செஸ்ட் கிளினிக்கில் ஆறு மாதம் குளிசை, ஒரு சதம் செலவில்லை. முழுதாக முடித்தான், சுகமானான். பிறகு கல்யாணம். மச்சாள் ஸ்காபரோவில் இருந்து ஸ்பொன்சர் செய்தா.

போன வருடம் கொழும்பில் மெடிக்கல். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு. மூன்று நாள் காலையில் சளி எடுத்துக் கொடுக்கவேண்டும், அதை வளர்த்துப் பார்க்க எட்டுக் கிழமை வரை செல்லும், பழைய சிகிச்சைப் பதிவு இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார் டொக்டர். வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுத்து நின்று சளி கொடுத்துவிட்டுத் தம்பி இரவு பஸ்சில் வந்து சேர்ந்தான். டொக்டர் மறைக்காமல் எல்லாம் சொன்னார். பிழை எங்களுடையது. எட்டுக் கிழமை சும்மா இருக்க எங்களுக்குத் தெரியவில்லை.

சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் அந்தக் கந்தோருக்குப் போனோம். ஏசி, சுவரில் கனடாக் கொடி, மேசையில் மூன்று போன். எக்ஸ்ரே என்று வாயெடுத்ததுமே அங்கே இருந்த ஏஜென்ட் பெருமூச்சு விட்டார். “அக்கா, பழைய வருத்தம் எண்டு தெரிஞ்சா ஃபைலை அடிச்சுப் போடுவினம். கிளினிக் கார்டு கீர்டு இருந்தா எரிச்சுப் போடுங்கோ. தொற்றுவருத்தக்காரருக்கு அவையின்ர அரசாங்கம் தனிய ஒரு பெர்மிட் குடுக்குது. அதை நான் எடுத்துத் தாறன். ஒண்டும் யோசியாதேங்கோ.”

நாலரை லட்சம் கேட்டார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து இரண்டு லட்சம் முற்பணம் கட்டினோம். ரிசீட்டில் “ஆலோசனைக் கட்டணம்” என்று மட்டும் எழுதினார். வருத்தத்தை மறை என்று சொன்ன அதே மனிதர் வருத்தக்காரருக்கான பெர்மிட்டை விற்கிறார் என்பது அந்த நேரம் எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பயம் வந்தால் இவ்வளவுதான் மூளை.

மூன்று கிழமையில் ஒரு தாள் வந்தது. மேலே மேப்பிள் இலை, கீழே சிவப்புச் சீல், நடுவில் தம்பியின் பெயர் எழுத்துப் பிழையோடு. அனுப்பிய ஈமெயில் ஜிமெயில் முகவரி. வைபரில் படத்தைப் பார்த்த மச்சாள் இரவோடு இரவாக எடுத்துப் பேசினா: “ஆர் உங்களுக்கு இதைத் தந்தது? இப்பிடி ஒரு பேப்பர் இங்க இல்லை.”

உண்மை இதுதான். மெடிக்கல் செய்கிற டொக்டர் முடிவை நேரே கனடா குடிவரவுத் திணைக்களத்துக்கு அனுப்புகிறார். தீர்மானிப்பது அவர்கள்தான், டொக்டர்கூட இல்லை. காசநோய் இப்போதும் இருந்தால் விசா இல்லை என்று கதவை ஒரேயடியாக மூடுவதில்லை. மருந்தை முடித்து, திரும்பச் சோதித்து, பிறகு பார்ப்பார்கள். ஆறிப்போன தழும்பு என்றால், போய் இறங்கி 30 நாளுக்குள் அங்குள்ள சுகாதாரத் திணைக்களத்துடன் தொடர்புகொள்ளச் சொல்லி ஒரு கடிதம் தருவதுண்டு. அதற்குக் காசு இல்லை.

அவர் எதைத் திரித்தார் என்றும் தேடிப் பார்த்தேன். தகுதியில்லை என்று ஆனவரைத் தவிர்க்கமுடியாத காரணத்துக்காகக் கொஞ்சக்காலம் உள்ளே விடும் தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று கனடாவில் உண்டு. அமெரிக்காவில் ஐ-601 என்ற விலக்கு மனு உண்டு. இரண்டும் அந்தந்த நாட்டு அதிகாரி ஃபைலைப் பார்த்துக் கொடுக்கிறதோ மறுக்கிறதோ. கடையில் வாங்கும் சாமான் இல்லை. தம்பிக்கு இரண்டுமே தேவைப்படவில்லை.

எனக்கு இன்னும் நெஞ்சு பதறுவது காசுக்காக இல்லை, அந்தக் கார்டுக்காக. அவர் சொன்னபடி எரித்து, “முந்தி வருத்தம் இல்லை” என்று எழுதிக் கொடுத்திருந்தால்? பொய்த் தகவல் என்று பிடிபட்டால் கனடாவுக்கு ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. நல்லகாலம், தேடினபோது அது கிடைக்கவில்லை. பிறகு அம்மாதான் பிஸ்கட் தகரத்துக்குள், குடும்ப அட்டைக்கு அடியில் கண்டெடுத்தா. கொண்டுபோய்க் கொடுத்தோம். சளியிலும் கிருமி வளரவில்லை. மெடிக்கல் சரிவந்தது.

காசு கேட்டு மூன்று தரம் போனோம். நாற்பதாயிரம் தந்தார். மிச்சத்துக்கு ரிசீட்டைக் காட்டி, “ஆலோசனை சொன்னேன்தானே” என்கிறார். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அந்த இரண்டு சொல் எங்களுக்கு எதிராக நிற்கிறது. காசு கட்டுவதாயிருந்தால் என்ன அலுவலுக்கு என்று ரிசீட்டில் முழுதாக எழுதுவியுங்கள்.

கனடா அலுவலைக் காசுக்குச் செய்கிறவர் அங்கே பதிவுள்ள வழக்கறிஞராகவோ குடிவரவு ஆலோசகராகவோ இருக்கவேண்டும். ஆலோசகர்களின் பெயர்ப்பட்டியலை அவர்களைப் பதிவு செய்கிற அமைப்பு (“கொலிஜ்” என்று பெயர், படிக்கிற இடம் இல்லை) இணையத்தில் போட்டிருக்கிறது, போனிலேயே ஐந்து நிமிடத்தில் தேடலாம். நாங்கள் காசு கட்டிய பிறகு தேடினோம். அவர் பெயர் இல்லை.

அந்தத் தாளின் படம் என்னிடம் இருக்கிறது. இதே மாதிரி ஒன்று உங்களிடமும் இருந்தால், மிச்சக் காசைக் கட்டமுதல் எனக்கு எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.