குறைமாதக் குழந்தைக்கு எந்தப் பிளாஸ்திரி?

ஊசி குத்திய இடம் ஓரிரு நாளில் ஆறிவிடும். அந்த ஊசியைப் பிடித்து நிறுத்த ஒட்டிய பிளாஸ்திரி தோலையும் உரித்துக்கொண்டு வந்தால், கிருமிக்கு அங்கே வாசல் திறந்துவிடும். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தோல் காயங்களுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தப் பிளாஸ்திரிதான்.

நிறைமாதக் குழந்தையின் தோலில் வெளிப்படலம் 10 முதல் 20 அடுக்கு வரை இருக்கும். 30 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கு இரண்டு, மூன்று அடுக்குதான். மேல்தோலை உள்தோலோடு இணைக்கும் இழைகளும் குறைவு. இரண்டு தோல்களுக்கும் நடுவே உள்ள பிடியைவிடப் பசையின் பிடி வலுவாக இருப்பதால், இழுத்தால் மேல்தோல் பசையோடு போய்விடுகிறது.

துணிப் பிளாஸ்திரி மலிவு, எங்கும் கிடைக்கும், உறுதியாகப் பிடிக்கும். வெறும் தோலில் அதை ஒட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். அக்ரிலிக் பசை கொண்ட மெல்லிய டேப் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். ஆனால் அந்தப் பசை உடற்சூட்டில் இளகித் தோலின் நுண்பள்ளங்களில் இறங்குவதால், காலையில் ஒட்டியது மாலைக்குள் இன்னும் இறுகிவிடும்.

சிலிக்கோன் டேப்பின் பிடி அப்படி ஏறுவதில்லை. எடுத்து மறுபடி ஒட்டலாம், உரிக்கும்போது வலியும் குறைவு. காயத்தின் மேல் போடும் கட்டுக்கும், கண்காணிப்புக் கருவிகளின் எடை குறைந்த வயர்களுக்கும் இதுவே என் தேர்வு. விலை அதிகம்தான். மூச்சுக்காகக் குழந்தைக்குள் செலுத்தும் சுவாசக் குழாய்க்கு மட்டும் இதை நம்ப முடியாது. பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாது, எச்சில் பட்டால் கிளம்பிவிடும். அந்தக் குழாய் நழுவினால் குழந்தையின் மூச்சுக்கே ஆபத்து.

அங்கே கைகொடுப்பது ஹைட்ரோகொலாய்டு தகடு, அதாவது ஈரத்தை உறிஞ்சிக் கூழாக மாறும் பொருள் கொண்ட, தோலில் ஒட்டும் மெல்லிய தகடு. கன்னத்தில் முதலில் அதை ஒட்டி, அதன் மேல் பிளாஸ்திரி போட வேண்டும். பிளாஸ்திரியை எத்தனை முறை மாற்றினாலும் கன்னத்துத் தோல் தப்பிக்கும். ஆனால் தகட்டையே அடிக்கடி உரித்தால் அதுவும் காயப்படுத்தும். ஒட்டி 24 மணி நேரமாவது விட்டுவைப்பது நல்லது. ஓரம் தானாகக் கிளம்பும்வரை காத்திருந்தால் இன்னும் நல்லது.

பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று சாம்பிராணி டிங்சர் தடவும் பழக்கத்தை இந்தக் குழந்தைகளிடம் அறவே விட வேண்டும். அது பிடியை இன்னும் கூட்டிவிடும். பசையைக் கரைக்கும் ரசாயனத் திரவங்களும் வேண்டாம், மெல்லிய தோல் வழியாக அவை உடலுக்குள் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஈரமாக்கி, ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரியைத் தோலோடு தோலாகப் படுக்கவைத்து மெதுவாக உரிக்க வேண்டும். மேல்நோக்கி இழுக்கவே கூடாது.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள மருத்துவமனை ஹைட்ரோகொலாய்டு தகட்டையே வாங்கட்டும். இருக்கிற துணிப் பிளாஸ்திரியை அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.