"சின்ன அலைக்குச் சின்ன போர்டு" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்திலிருந்து கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போய் சர்ஃபிங் (பலகைமேல் நின்று கடல் அலையில் சறுக்கி வரும் விளையாட்டு) கற்றுக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பலகையைத்தான் போர்டு என்பார்கள். அப்படிப் போகிறவர்களைக் குறிவைத்துப் பழைய போர்டு விற்கிற ஒருவரிடம் 19,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் அவர் பெயரையோ ஊரையோ இங்கே சொல்லவில்லை. என்ன சொல்லி விற்றார், எதை மறைத்தார் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

நான் 82 கிலோ. போன வருடம் மூன்று முறை கோவளம் போய்க் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்த தம்பிகள் அந்தக் குப்பத்துப் பிள்ளைகள். ஒன்பதடி ஃபோம் போர்டில் படுக்கவைத்து, அலை வரும்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளிவிடுவார்கள். முழங்கால் உயர அலையில்கூட எழுந்து நின்று கரைவரை வந்திருக்கிறேன். அந்த ருசி கண்ட பிறகு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

தெரிந்தவர் மூலம் இந்த வியாபாரியின் எண் கிடைத்தது. போனில் மரியாதையாகப் பேசினார். போர்டை வேனில் வீட்டுக்கே கொண்டுவந்து முகப்பில் இறக்கினார். பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் அழகான நீலப் பட்டை. நான் பழகிய ஒன்பதடி போர்டோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியதாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"அண்ணே, நம்ம கடல்ல என்ன ஆளுயர அலையா வருது? சின்ன அலைக்குச் சின்ன போர்டுதாண்ணே. பெரிய போர்டெல்லாம் பெரிய அலைக்கு. இது 40 லிட்டர், எபாக்ஸி. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. தொண்டியிலேயே ஓட்டலாம்" என்றார்.

லிட்டர் என்பது போர்டின் கன அளவு, அது கூடினால் மிதப்பும் கூடும். எபாக்ஸி என்பது போர்டின் மேல்பூச்சுக்குப் போடும் ஒரு வகை ரெசின், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசின். "சின்ன அலைக்குச் சின்ன போர்டு" என்பது கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் படும். அதனால்தான் இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எல்லோரையும் எச்சரிக்க நினைக்கிறேன். உண்மை இதற்கு நேர்மாறானது.

அலையின் உயரம் பாதியானால் அதன் சக்தி பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகிவிடும். இடுப்பளவு அலையில் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும் வலு அவ்வளவு குறைவு. அந்தக் குறையை போர்டுதான் ஈடுகட்ட வேண்டும். ஊருணியில் ஓட்டாஞ்சில்லு எறிந்து விளையாடியவர்களுக்கு இது புரியும். தட்டையான சில்லு தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகும், உருண்டைக் கல் விழுந்த இடத்திலேயே முங்கிவிடும். வலுவில்லாத அலைக்கு அகலமான, அடி தட்டையான, மிதப்பு அதிகமுள்ள போர்டு வேண்டும். வேகம் இல்லாதபோதும் அது தண்ணீரின் மேலேயே நிற்கும், அலை முழுதாக எழும்பும் முன்பே உங்களை அதில் சேர்த்துவிடும்.

எனக்கு விற்கப்பட்டது எதற்காகச் செய்த போர்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். முகப்பில் ஆத்தங்குடிக் கல் தரையில் அதை வைத்தபோது முனை தரையைவிட்டு நாலைந்து அங்குலம் தூக்கி நின்றது. வாழைக்காய்போல வளைவு. ராக்கர் என்பார்கள். செங்குத்தாக எழும் பெரிய அலையில் முனை தண்ணீருக்குள் குத்திவிடாமல் இருக்க அந்த வளைவு வேண்டும். சின்ன அலையில் அதே வளைவு தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், வேகமே வராது. வால் பகுதி கூராக ஒடுங்கியிருந்தது. அதுவும் பெரிய அலையில் பிடிமானத்துக்காகச் செய்வதுதான். சின்ன அலைக்கு அகலமான வால்தான் உதவும்: சதுரமாக வெட்டியதாகவோ, மீன்வால்போல இரண்டாகப் பிரிந்ததாகவோ இருக்கலாம். 1960களின் கடைசியில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்பவர் செய்த ஃபிஷ் என்ற குட்டையான, அகலமான வடிவம் இன்றைக்கும் வலுவில்லாத அலைக்கு உலகமெங்கும் ஓடுகிறது. குட்டையாக இருந்தாலும் அகலத்திலும் தடிமனிலும் மிதப்பைச் சேர்த்துவைத்திருப்பார்கள். அதனால் நீளத்தை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆனால் ஃபிஷ்கூட ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான். என்னைப்போலப் புதிதாகப் பழகுகிறவருக்கு எட்டடியோ ஒன்பதடியோ தேவை.

மார்ச் மாதம் காரின் மேல் கட்டிக்கொண்டு கோவளம் போனேன். இரண்டு நாளில் ஒரு அலைகூடக் கிடைக்கவில்லை. படுத்தால் நெஞ்சுவரை தண்ணீருக்குள் போனது. கைவலிக்கத் துழாவியும் அலை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஃபோம் போர்டில் அதே அலையில் சிரித்துக்கொண்டே கரைக்குப் போனான். குறை எனக்குத்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் பணம் போனதைவிட அதிகமாக வருத்தியது. கற்றதெல்லாம் மறந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் நீலப் பட்டையின் ஓரத்தில் குறுக்கே ஒரு கீறல் விழுந்து தண்ணீர் கசிந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்த தம்பி போர்டை வாங்கி, முனையிலிருந்து வால்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தான். நல்ல இடத்தில் ஓசை இறுக்கமாகக் கேட்டது. பட்டை இருந்த இடத்தில் செத்த ஓசை.

"அண்ணே, இது ரெண்டா உடைஞ்ச போர்டுண்ணே. ஒட்டி, மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றான்.

நம் ஊரில் மண்பானை வாங்கினாலும் தட்டிப் பார்ப்போம், பழைய தேக்குத் தூண் வாங்கினாலும் தட்டிப் பார்ப்போம். அந்தப் பழக்கம் இங்கேயும் செல்லும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: தட்டுங்கள், கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால், அல்லது ஓசை மாறினால், மேலே உள்ள கண்ணாடி இழைப் பூச்சு உள்ளே இருக்கும் ஃபோமைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு அவன் அடிப்பக்கம் ஒட்டியிருந்த பெரிய ஸ்டிக்கரைக் காட்டி, "இதை உரிக்கட்டுமாண்ணே?" என்றான். உரித்தால், நடுவில் ஓடும் மரச் சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 5 அடி 11 அங்குலம் நீளம், 18½ அங்குலம் அகலம், 2¼ அங்குலம் தடிமன். போர்டு செய்கிறவர்கள் வழக்கமாக அளவை அங்கேதான் எழுதுவார்கள். அந்த இடத்தைப் பார்த்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அந்த அளவுக்குச் சுமார் 25 லிட்டர்தான் வரும். கற்றுக்கொள்கிற காலத்தில் உடல் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை லிட்டர் இருப்பது நல்லது என்று அந்தத் தம்பிகள் சொல்கிறார்கள். தேர்ந்த வீரர்கள்கூட எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் 82 கிலோ உள்ள தேர்ந்த வீரருக்கே இது போதாது. எனக்கு எப்படிப் போதும்?

அதோடு முடியவில்லை. எபாக்ஸி என்று சொன்னாரே, அது பாலியூரித்தேன் என்ற ஃபோம் வைத்த சாதாரண போர்டுதான். பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் பழுப்பு மஞ்சள். தனியாகப் பையில் போட்டுக் கொடுத்த மூன்று ஃபின்களில் (போர்டின் அடியில் மாட்டும் துடுப்பு போன்றவை) இரண்டு, அவற்றை மாட்டும் பள்ளத்தில் உட்காரவே இல்லை. எஃப்சிஎஸ், ஃப்யூச்சர்ஸ் என்று ஃபின்களில் இரண்டு கம்பெனி வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு அமைப்பு, ஒன்று மற்றதில் பொருந்தாது. வாங்கும்போதே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். இலவசமாகக் கொடுத்த பழுதுபார்க்கும் பசை பாலியெஸ்டர் ரெசின். உண்மையிலேயே அது தெர்மாக்கோல் வகை ஃபோம் வைத்த எபாக்ஸி போர்டாக இருந்து, நான் அந்த ரெசினைத் தடவியிருந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் கரைந்து குழியாகியிருக்கும். அந்த வகைக்கு எபாக்ஸி ரெசின் மட்டுமே.

தொண்டியில் ஓட்டலாம் என்றதும் பொய். அது பாக் விரிகுடா. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகளை இலங்கையும் ராமேஸ்வரமும் ஆதாம் பாலமும் தடுத்துவிடுகின்றன. அங்கே காற்று கிளப்பும் குட்டி அலைகள்தான், பல நாள் குளம் மாதிரிக் கிடக்கும். நின்றபடி துடுப்புப் போடும் பலகைக்கு அருமையான இடம். சர்ஃபிங்குக்கு இல்லை.

திரும்பி வந்து போன் செய்தேன். "வெயில்ல கார் மேல வச்சிருப்பீங்க, அதான் பிளந்திருச்சு" என்றார். வெயில் போர்டைக் கெடுக்கும் என்பது உண்மை. காரைக்குடி வெயிலில் காருக்குள்ளோ மேலேயோ போட்டுவைத்தால் பூச்சு ஃபோமைவிட்டுக் கிளம்பிக் கொப்புளம் கொப்புளமாக எழும். ஆனால் அகலவாட்டில் கோடு போட்டதுபோல ஒரே நேராகப் பிளக்காது. இதைச் சொன்னதும், "பழைய பொருள்ண்ணே, நீங்க பார்த்துத்தானே வாங்குனீங்க?" என்று குரல் மாறியது. அதன்பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பழைய பொருள் என்றால் எதையும் சொல்லி விற்கலாம் என்று இல்லை. உடைந்ததை மறைத்ததும், இல்லாத லிட்டரைச் சொன்னதும் ஏமாற்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர் "40 லிட்டர், எபாக்ஸி" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பியிருந்தார், பணமும் ஜிபேயில்தான் போனது. இரண்டையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். யாரிடம் வாங்கினாலும் அளவை எழுத்தில் கேளுங்கள்.

நேற்று ஒரு நண்பர் எனக்குப் படம் அனுப்பினார். அதே ஆள் இன்னும் இரண்டு போர்டு விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இரண்டிலும் நடுவில் அதே நீலப் பட்டை, அடியில் அதே பெரிய ஸ்டிக்கர். உங்களிடம் வந்தால் காசை எடுக்கும் முன் அந்த ஸ்டிக்கரை உரிக்கச் சொல்லுங்கள்.