26,000 ரூபாய் ஷாக்கும் 10 மில்லிமீட்டர் பைப்பும்

வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இதுவரை ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்) ஆயிலை மாற்றியதே கிடையாது, அது என் தப்புதான். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு மாதம் ஒருமுறை மனைவியோடு போவேன். கொஞ்ச நாளாகவே தொப்பூர் இறக்கத்தில் வளைவுக்குள் சாய்த்தால் வண்டி நான் நினைத்த கோட்டில் நிற்காமல் வெளிப்பக்கமாகவே போகப் பார்த்தது, பிரேக் பிடித்தால் மூக்கு பொத்தென்று குத்தியது.

முதலில் காட்டிய கடையில் (பேர் வேண்டாம்) வண்டியில் ஏறிக்கூடப் பார்க்காமல், பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் தூக்கிப் போடுங்கள், இம்போர்ட்டட் செட் 26,000 ஆகும் என்றார்கள். மனசு வராமல் திரும்பிவிட்டேன். ஆபீஸ் நண்பர் ஒருவர்தான் வில்சன் கார்டனில் சந்துக்குள் சந்தாக இருக்கும் ஒரு சின்ன மெக்கானிக் கடையைச் சொன்னார். போர்டு இல்லை, ஒரே ஷட்டர், உள்ளே மூன்று வண்டி நிறுத்தினால் நான்காவது ரோட்டில்தான். ஓனர் வேலூர்க்காரர், அதனால் எனக்குத் தெரிந்த அரைகுறை கன்னடத்துக்கு வேலை வரவில்லை.

அவர் ஸ்பேனரையே தொடவில்லை. முதலில் காற்றைப் பார்த்தார், பின் டயரில் 26 பி.எஸ்.ஐ. தான் இருந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினார். நடுவில் வரும்போது ஒரு சின்ன ‘டக்’. “கோன் செட் குழி விழுந்திருச்சு தம்பி, இதை வெச்சுக்கிட்டு சஸ்பென்ஷன் பேசறது வேஸ்ட்.” கோன் செட் என்றால் ஹேண்டில் திரும்பும் பேரிங். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார், அதன் மூட்டில் இருக்கும் புஷ் நன்றாகவே இருந்தது.

அதன்பிறகு டேப் எடுத்தார். பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஆக்சிலிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒட்டிய டேப் வரை ஒரு அளவு, நான் ஜாக்கெட், பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும் இன்னொரு அளவு. வித்தியாசம்தான் ‘சேக்’. பின்னால் மொத்தம் 88 மி.மீ. அசைவில் 39 மி.மீ. நான் ஒருவன் உட்கார்ந்தாலே போய்விடுகிறது. முன்னால் 110-ல் 46. ரோட்டு வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு சுமாராகச் சரி என்றார். இதில் மனைவியும் ஏறினால் பின்பக்கம் இன்னும் உட்கார்ந்து, முன்பக்கம் எழும்பி, ஃபோர்க்கின் சாய்வும் கூடிவிடும், அப்புறம் வண்டி எப்படி வளையும்? தொப்பூர்க் கதை அப்போதுதான் புரிந்தது. சேஸியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அதில் இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் கை இருக்கிறது, 2015-ல் ராயல் என்ஃபீல்டே வாங்கிய சேஸி கம்பெனி அது.

பின்னால் ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) இரண்டு படி ஏற்றியதும் சேக் 30-க்கு வந்தது. முன் ஃபோர்க்கில் ப்ரீலோடு திருக வழியில்லை. எலெக்ட்ரிக்கல் வேலைக்கு வைத்திருக்கும் பிவிசி பைப்பில் 10 மி.மீ. துண்டு இரண்டு அறுத்து, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, ஸ்பிரிங் மேல் வைத்து மூடினார். சேக் 36. ப்ரீலோடு ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆகாது, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். ஃபோர்க்கிலிருந்து வடிந்த ஆயில் பழைய டிகாஷன் மாதிரி கறுப்பு, நாற்றம் வேறு. கெட்டி ஆயில் ஊற்றுங்கள் என்றேன். அளவுக்கு மேல் கெட்டியானால் சின்னச் சின்னப் பள்ளங்களில் சக்கரம் தரையோடு ஒட்டாமல் கையைத்தான் அடிக்கும் என்று மறுத்துவிட்டார்.

ஃபோர்க் குழாயை கிளாம்ப்பில் கொஞ்சம் மேலே தள்ளினால் சட்டென்று திரும்பும் என்று எங்கேயோ படித்ததையும் கேட்டு வைத்தேன். திரும்பும்தான், ஆனால் வண்டியை நேராக ஓட வைக்கும் ட்ரெயில் குறையும், லக்கேஜோடு 110 கி.மீ. வேகத்தில் போகும்போது ஹேண்டில் நடுங்கினால் யார் பொறுப்பு என்றார். விட்டுவிட்டேன்.

மொத்தம் 4,300 ரூபாய், கோன் செட், ஆயில், சீல் எல்லாம் சேர்த்து. குறையும் உண்டு. இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வண்டியைக் கொடுத்தார், பில் கேட்டால் சிரிக்கிறார், போன் எடுப்பதில்லை. போன வாரம் சேலம் போய்வந்தேன். தனியாகப் போனால் வளைவில் பிடித்த கோட்டை விடுவதில்லை, பிரேக்கிலும் மூக்கு நிதானமாகத்தான் இறங்குகிறது. இருவராகப் போனால் பெரிய வேகத்தடைக்குப் பிறகு பின்பக்கம் இன்னும் ஒரு தரம் கூடுதலாகக் குதிக்கிறது. அது டேம்பிங் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது) சமாச்சாரம், இந்த ஷாக்கில் அதைத் திருக வழியில்லை. எப்போதும் இரண்டு பேர் என்றால் மட்டும் ஷாக் மாற்றுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார்.

போகிறவர்கள் வார நாளில் காலை பத்து மணிக்குள் போங்கள், வழக்கமாக மாட்டும் ஜாக்கெட், பை எல்லாம் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார், எனக்கு முன்னால் டியூக் பைக்கில் வந்த பையனை அப்படித்தான் அனுப்பினார்.