சரியான பாஸ்வேர்டைத் தப்பென்று சொல்லும் லாக் ஸ்கிரீன்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

வீட்டு டெஸ்க்டாப்பில் ஆர்ச் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், அதன் மேல் ஜன்னல்களை அடுக்கித் தரும் ஐ3 விண்டோ மேனேஜர், திரையைப் பூட்ட ஐ3லாக். சில வருஷமாக என் மொழிபெயர்ப்பு வேலை மொத்தமும் இதில்தான் ஓடுகிறது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அடிக்கடி தொங்கிப்போவதும் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் படுத்தி எடுத்தது. விரலுக்கே மனப்பாடமான பாஸ்வேர்டைச் சில நாள் ஏற்காது. முக்கால்வாசி நாள் சமர்த்தாகத் திறக்கும். திடீரென்று ஒரு நாள், பெரும்பாலும் அவசரமான நாளில், சிவப்பு வளையத்தைக் காட்டி ‘தப்பு’ என்று சொல்லும். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாலும் அதே பதில்தான்.

எப்போதுமே ஏற்காவிட்டால் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்று முடிவுகட்டி மாற்றிவிடலாம். இப்படி விட்டு விட்டு வரும் கோளாறில் அந்த முடிவுக்கும் வர முடியாது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது மட்டும் சீக்கிரமே தெரிந்துபோனது. திறந்து வைத்திருந்த ஃபைல்கள் போனாலும் பரவாயில்லை என்று பவர் பட்டனை அழுத்தினால், அதே பாஸ்வேர்ட் அடுத்த முறை முதல் தட்டிலேயே போகும். ரொம்ப நாள் இதைத்தான் வைத்தியமாக ஓட்டினேன். பிறகு பார்த்தால், ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது என்பதிலேயே பாதி விடை இருந்தது.

ஆர்ச்சில் 2020 முதல் ஃபெயில்லாக் என்றொரு பாதுகாப்பு தானாகவே இயங்குகிறது. 15 நிமிஷத்துக்குள் மூன்று முறை பாஸ்வேர்ட் தப்பாகப் போனால் அந்தக் கணக்கை 10 நிமிஷம் பூட்டிவிடும். பூட்டியிருக்கும் நேரத்தில் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் கதவு திறக்காது. யார் எப்போது தோற்றார்கள் என்ற கணக்கை அது ‘ரன்’ டைரக்டரிக்குள் எழுதி வைக்கிறது. அந்த டைரக்டரி இருப்பது ராமில், டிஸ்க்கில் இல்லை. மெஷினை அணைத்தால் கணக்கும் அழிந்துவிடும். ரீஸ்டார்ட்டின் மகிமை அவ்வளவுதான். பத்து நிமிஷம் காபி குடித்துவிட்டு வந்திருந்தாலும் திறந்திருக்கும்.

இது பிடிபட்டது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்து மட்டும் இருக்கும் கருப்புத் திரைக்குப் போன அன்றைக்கு. அங்கே யூசர் பெயரை அடித்ததும், பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே ஒரு வரி வந்து நின்றது: மூன்று தோல்விகளால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, திறக்க இத்தனை நிமிஷம் பாக்கி. ஐ3லாக்குக்கும் அடியிலிருந்து இதே செய்திதான் போகிறது. ஆனால் அது பாஸ்வேர்ட் கேட்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடுகிறது. திரையில் நமக்குத் தெரிவது ‘தப்பு’ என்ற ஒற்றைச் சொல். பாஸ்வேர்ட் தப்பா, கணக்கு பூட்டியிருக்கிறதா, கீபோர்டு ஏதாவது எழுத்தைத் தின்றுவிட்டதா, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். என் வருத்தம் முழுக்க இதன் மேல்தான். பூட்டட்டும், தப்பில்லை; பூட்டியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

சரி, பூட்டிய கதை புரிந்தது. அந்த மூன்று தோல்விகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ஃபெயில்லாக் என்று அடித்து யூசர் பெயரைக் கொடுத்தால் தோல்விப் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் நேரம், எங்கிருந்து வந்தது, இன்னும் கணக்கில் இருக்கிறதா என்பது இருக்கும். அந்த நேரங்களை உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று உறுத்தியது. முதல் இரண்டு தோல்விக்கும் இடையே இரண்டு மூன்று வினாடிதான். அந்த இடைவெளியில் என் நீளமான பாஸ்வேர்டை யாராலும் அடித்து முடிக்க முடியாது. அணைந்த மானிட்டரை எழுப்ப எல்லாரையும் போல நானும் என்டரைத் தட்டுகிறேன். எழும்பத் தாமதமானால் இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டும் வெறுமையான பாஸ்வேர்டாக உள்ளே போய், ஒவ்வொன்றும் ஒரு தோல்வியாகப் பதிவாகிறது. பாஸ்வேர்டை அடிக்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் மூன்றில் இரண்டு வாய்ப்பு காலி. அதற்கு மேல் ஒரே ஒரு எழுத்துப் பிசகினால் போதும், பூட்டு விழுந்துவிடும். அடுத்த முயற்சியே சரியாக விழுந்தால் பழைய கணக்கு அழிந்துவிடும் என்பதால், நல்ல நாட்களில் இது வெளியே தெரிவதே இல்லை. விட்டு விட்டு வந்ததற்குக் காரணம் இந்தச் சேர்மானம்தான்.

இதற்கு ஐ3லாக்கிலேயே மருந்து இருக்கிறது. வெறுமையான பாஸ்வேர்டைச் சோதனைக்கே அனுப்பாதே என்று ஒரு ஆப்ஷன், பெயர் ஹைஃபன் போட்டு ஒற்றை ஆங்கில ‘ஈ’ (-e). அதன் மேனுவலிலேயே, என்டரைத் தட்டி மெஷினை எழுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உதவும் என்று எழுதியிருக்கிறார்கள். வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்பில் ஸ்வேலாக் என்ற பூட்டுத் திரையைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எழுத்துதான். ஏன் இதை முதலிலேயே போட்டுக் கொடுப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். கூடவே, என்டரை விட்டுவிட்டு ஷிஃப்டைத் தட்டி எழுப்பப் பழகிக்கொண்டேன். ஷிஃப்ட் தனியாக எந்த எழுத்தையும் உள்ளே அனுப்பாது.

இதோடு முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதிக் கால்வாசிதான் ஜாஸ்தி அலைக்கழித்தது, ஏனென்றால் அது மென்பொருளில் இல்லை.

ஐ3லாக்கில் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் நடுவில் இருக்கும் வளையத்தில் ஒரு துண்டு பளிச்சென்று மின்னும். ஒரு நாள் காலையில் விரலைப் பார்க்காமல் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு அடித்தேன். முதல் எழுத்துக்கு வளையமே வரவில்லை. இரண்டாவது எழுத்தில்தான் முளைத்தது. ஒயர்லெஸ் கீபோர்டு பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கப் போயிருக்கிறது. எழுப்பிய தட்டைக் கணக்கில் சேர்க்காமல் அதற்கு அடுத்ததிலிருந்து அனுப்புகிறது. ஷிஃப்டால் எழுப்பும் பழக்கம் இதற்கும் சேர்த்தே மருந்தானது. எல்லா மாடலும் இப்படிச் செய்யும் என்று சொல்ல வரவில்லை, என்னுடையது செய்தது.

ஆனால் நன்றாக விழித்திருக்கும் நேரத்திலும் நடுநடுவே எழுத்து விழுங்கல் இருந்தது, அதுவும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் ஓடும் நேரமாகப் பார்த்து. இதன் காரணம் பழசு. யுஎஸ்பி 3 இணைப்பில் தரவு ஓடும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. ஒயர்லெஸ் கீபோர்டு, மவுஸோடு வரும் டாங்கிள்கள் (யுஎஸ்பி துளையில் செருகும் குட்டி ரிசீவர்கள்) பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் டாங்கிள் செருகியிருந்தது கேபினெட்டின் பின்னால், ஹார்ட் டிஸ்க் கேபிளுக்கு ஒட்டினாற்போல அடுத்த துளையில். சாதாரண யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை வாங்கி, டாங்கிளை மேஜை மேல் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். அதற்குப் பிறகு பேக்கப் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி. மொத்தச் சிகிச்சையிலும் காசு செலவானது இந்தக் கேபிளுக்கு மட்டும்தான். கட்டுரை அடிக்கும்போது ஒரு எழுத்து விழுந்துபோனால் கண்ணில் பட்டுத் திருத்திவிட்டுப் போய்விடுகிறோம். பாஸ்வேர்டில்தான் அது மறைந்திருந்து தாக்கும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. தமிழ்99 லேஅவுட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை பூட்டிக்கொண்டால், பூட்டுத் திரையிலும் அதே லேஅவுட் தொடரும். எச் விசையைத் தட்டினால் க, ஜே தட்டினால் ப, கே தட்டினால் ம. எண்கள் மட்டும் எண்களாகவே போகும். வெளியே தெரிவது புள்ளிகளோ வளையமோ மட்டும் என்பதால் கண்டுபிடிக்க வழியில்லை. நான் பூட்டும் கட்டளையை நேரடியாக ஓட்டாமல் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஆக்கிக்கொண்டேன்: முதல் வரியில் லேஅவுட்டை ஆங்கிலத்துக்கு மாற்று, அடுத்த வரியில் பூட்டு. இரண்டே வரி. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ் அடிக்கிறவர்கள், கீபோர்டு லேஅவுட்டையே மாற்றுகிறவர்கள் என்று ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் வேறுபடும்.

ஃபெயில்லாக்கை ஒரேயடியாக அணைத்துவிடச் சொல்லி நண்பர்கள் யோசனை சொன்னார்கள். அதன் கான்ஃபிக் ஃபைலில் அனுமதிக்கும் தோல்வி எண்ணிக்கையைச் சுழியம் ஆக்கினால் போதும், அது முடங்கிவிடும். நான் அப்படிச் செய்யவில்லை. மூன்றை ஆறாக்கினேன், பத்து நிமிஷத்தை இரண்டாகக் குறைத்தேன். வீட்டுக்குள் இருக்கும் மெஷினுக்கு அது போதும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரயிலிலும் கடையிலும் உட்காருகிறவர்கள் முதலில் உள்ள கணக்கையே வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: நெட்வொர்க் வழியே வேறு இடத்திலிருந்து மெஷினுக்குள் வர உதவும் எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்ட் வழி லாகினைத் திறந்து வைத்திருந்தால், வெளியிலிருந்து உங்கள் பெயரில் கண்டபடி முயற்சி செய்கிறவர் உங்கள் மேஜைக் கணக்கையே பூட்டிவிட முடியும். பட்டியலில் ‘எங்கிருந்து’ என்ற இடத்தில் தெரியாத ஐபி முகவரி இருந்தால் அதுதான் சங்கதி. பாஸ்வேர்டுக்குப் பதில் கீ (ஃபைலாக இருக்கும் ரகசியச் சாவி) மூலம் மட்டும் லாகின் என்று வைத்துவிட்டால் இந்தப் பாதை அடைபட்டுவிடும்.

அந்தக் கீயில் இன்னொரு லாபமும் உண்டு. கீயோடு வருகிறவரிடம் ஃபெயில்லாக் கணக்குக் கேட்பதில்லை. கணக்கு பூட்டியிருக்கும்போது போனில் இருக்கும் டெர்மினல் ஆப் மூலம் எஸ்எஸ்எச்சில் உள்ளே போய், ஃபெயில்லாக் கட்டளையோடு ரீசெட் என்று கொடுத்தால் உடனே திறந்துவிடும். உங்கள் கணக்கை நீங்களே ரீசெட் செய்ய ரூட் (நிர்வாகி) அதிகாரம்கூட வேண்டாம். ஃபைல்களை இழந்து ரீஸ்டார்ட் செய்யும் அவசியம் அதோடு ஒழிந்தது.

விண்டோஸ் ஆட்களும் இதே புலம்பலைக் கொண்டுவருவதால் அப்புறம் அதையும் கொஞ்சம் பார்த்தேன். அங்கே வசதி, பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படம். அழுத்திப் பிடித்தால் அடித்தது தெரியும். லேஅவுட், கேப்ஸ் லாக், விழுங்கிய எழுத்து எல்லாமே அதில் மாட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைப் போனில் மாற்றிவிட்டு, நெட் இல்லாத லேப்டாப்பைத் திறந்தால் அது பழைய பாஸ்வேர்டைத்தான் ஏற்கும். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்யும் மெஷின்களில் பத்துத் தோல்விக்குப் பத்து நிமிஷப் பூட்டும் தானாகவே இருக்கிறது. ஆபீஸ் கணினி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் போனை. தம்பிக்கு நடந்தது அதுதான். கட்டாயமாகப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன மறுநாளிலிருந்து மதியமானால் லாக் ஆகிவிடும். போனில் இருந்த மெயில் ஆப், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஐடி ஆள் சர்வர் லாகில் கணக்கு பூட்டப்பட்டதைக் குறிக்கும் 4740 என்ற எண்ணைத் தேடிப் பார்த்து, பூட்டியது எந்தப் பக்கத்திலிருந்து என்று காட்டியதும் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்கு முன் அவன் கீபோர்டையே மாற்றியிருந்தான், பாவம்.

என் மெஷினில் இன்று மிச்சம் இருப்பது ஒரே எரிச்சல். நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட உதவும் சூடோவில் தப்பாக அடிக்கும் பாஸ்வேர்டும் அதே ஃபெயில்லாக் கணக்கில் சேர்கிறது. டெர்மினலில் அவசரத்தில் இரண்டு முறை பிசகிவிட்டு எழுந்து போனால், திரும்பி வரும்போது பூட்டுத் திரையில் வாய்ப்பு குறைந்திருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க பாஸ்வேர்ட் சோதனையைக் கவனிக்கும் பிஏஎம் அமைப்புகளைக் கையால் திருத்தினால் முடியும். ஆனால் அங்கே ஒரு வரி தப்பினால் யாருமே உள்ளே போக முடியாது என்பதால் அந்த ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டேன்.