டவர் கூலரா, திரவக் கூலரா? கோலாலம்பூர் வீட்டுக் கணினிக்கு ஓர் ஒப்பீடு

என் கணினியின் ரைசன் 7 7700 செயலியோடு (சிபியு) பெட்டியில் வந்த கூலர், அதாவது செயலியின் சூட்டைத் தணிக்கும் சாதனம், மோசமில்லை. முழு வேகத்தில் அது போடும் இரைச்சல்தான் எனக்கு ஒத்துவரவில்லை. மாற்றாக என் முன் நின்றவை இரண்டு: தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்ற இரட்டை டவர் (செயலியின் மேல் நிற்கும் உலோகத் தகடுகளும் விசிறிகளும்), இல்லையென்றால் 240 மி.மீ. ரேடியேட்டருடன் வரும் திரவக் கூலர் (செயலியின் சூட்டைப் பம்பு மூலம் திரவத்தில் ஏற்றி, விசிறி பொருத்திய ரேடியேட்டருக்கு அனுப்புவது). டவரை வாங்கினேன். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

விலையில் டவர் வெகு மலிவு. அழகில், கண்ணாடிக் கேஸுக்குள் (கணினிப் பெட்டிக்குள்) திரவக் கூலர் எடுப்பாக இருக்கும். இவற்றைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

நம் ஊர் வெக்கைக்குத் திரவம்தான் சரிப்படும் என்று லோயாட் பிளாசா கணினிக் கடைகள் பக்கம் அடிக்கடி காதில் விழும். இதை நான் ஏற்கவில்லை. இரண்டுமே கடைசியில் வெப்பத்தை அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன. அறை வெப்பநிலைக்குக் கீழே இரண்டாலும் இறங்க முடியாது. 22 டிகிரி அறையில் எடுத்த சோதனை அளவுகளோடு, நம் 32 டிகிரி மதியத்துக்காக ஏறக்குறைய பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தக் கூலருக்கும் கணக்கு இதுதான்.

டவருக்குள்ளும் திரவம் உண்டு. செப்பு வெப்பக்குழாய்களில் காற்றை வெளியேற்றி, சிறிதளவு நீரை விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் குறைந்த சூட்டிலேயே நீர் ஆவியாகி, மேலே அலுமினியத் தகடுகள் உள்ள பகுதியில் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு வழியாக அடிப்பகுதிக்குத் திரும்பும். பம்பு கிடையாது, மின்சாரம் வேண்டாம். தகடுகளையும் செப்பிலேயே செய்தால் வெப்பம் இன்னும் நன்றாகக் கடத்தப்படும். ஆனால் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், மதர்போர்டு தாங்க வேண்டாமா?

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. நம் அடுக்குமாடி வீடுகளின் தூசு வெறும் தூசு அல்ல. தாளிப்பின் எண்ணெய்ப் புகை, சாம்பிராணி, புகைமூட்டக் காலத்தில் ஜன்னல் வழியே நுழைவது, எல்லாம் ஈரக்காற்றில் குழைந்து பிசினாகப் படியும். ஊதினால் போகாது, தூரிகை வேண்டும். டவரில் கம்பிக் கொக்கியைத் தளர்த்தினால் விசிறி கையோடு வந்துவிடும். தகடுகளை அங்கேயே துடைக்கலாம், செயலிக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்டைத் தொட வேண்டியதில்லை. காற்றடிக்கும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கண்டபடி சுழன்று பேரிங் கெடும். ரேடியேட்டரிலோ நெருக்கமாக மடித்த மெல்லிய தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவே தூசு கம்பளிபோல் படர்கிறது. அதை எடுக்க ஒவ்வொரு விசிறியாகத் திருகு கழற்ற வேண்டும்.

அடுத்தது ஆயுள். டவரில் தேயும் பொருள் விசிறி ஒன்றுதான். எந்தக் கடையிலும் கிடைக்கும் 120 மி.மீ. விசிறியைப் பொருத்தினால் போதும். திரவக் கூலரின் விசிறியையும் மாற்றலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பம்பு நின்றால் பெரும்பாலும் முழு சாதனமும் போகும். ரப்பர் குழாய் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து ஆவியாவதும் உண்டு. பல மாடல்களில் திரும்ப நிரப்ப வழியில்லை.

திரவத்துக்கு நியாயமான இடமும் இருக்கிறது. 7700 செயலி அதிகபட்சம் 88 வாட் அளவில் நிற்பது. 200 வாட்டைத் தாண்டும் செயலிகளை நான் ஓட்டியதில்லை, அங்கே என் அனுபவம் செல்லாது. உயரமான ரேம் (நினைவகப் பலகை) வைத்திருப்பவர்களுக்கும் திரவக் கூலர் இடைஞ்சல் தராது. இன்னொன்று: பினாங்குக்குக் காரில் கணினியைக் கொண்டுபோனால், முக்கால் கிலோ டவர் மதர்போர்டில் தொங்கிக்கொண்டே வரும். கேஸைப் படுக்கவைத்து, டவர் மேல்நோக்கி நிற்கும்படி ஏற்றுங்கள். வாங்குமுன் கேஸின் உள் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். டவரின் உயரம் கேஸின் அகலவாக்கில்தான் நீளும்; இந்த டவருக்கு அது 155 மி.மீ.