செம்பூர்க்காரங்க கவனத்துக்கு: ‘போர்டு போச்சு’ன்னு சொன்னா உடனே பணத்தை எடுக்காதீங்க

மும்பை செம்பூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கற ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில எங்க வீட்டுல ₹7,500 போச்சு. புகார் நடந்துட்டிருக்கு, அதனால கடை பேரை இங்க எழுதல. ஆனா அவங்க செஞ்ச வேலையை எந்த ஊர்ல எந்தக் கடைக்காரனும் செய்யலாம். அதை மட்டும் விவரமா சொல்றேன்.

மெஷின் அப்பாவோடது. 2012ல கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச லாமிங்டன் ரோட்டுல அசெம்பிள் பண்ணி வாங்கினது. இரண்டாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், எச்61 போர்டு (மதர்போர்டு, எல்லா பாகத்தையும் மாட்டற பலகை), நாலு நாலு ஜிபியா ரெண்டு ரேம். நடுவுல ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போட்டோம், அப்புறம் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்பா எங்க பில்டிங் சொசைட்டிக்கு டிரெஷரர்; மெயின்டனன்ஸ் பில்லு, பாக்கிக்காரங்க லிஸ்ட்டு எல்லாம் அதுலதான். 2025 ஆகஸ்ட், அடை மழை. செப்டம்பர் 30க்குள்ள சொசைட்டியோட ஏஜிஎம் (வருஷாந்தரக் கூட்டம்) நடத்தியாகணும், ஆடிட்டர் விடாம போன் பண்றார், மெஷின் ஆன் ஆகல. பட்டனை அமுக்கினா ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடும்.

நான் அப்போ திருநெல்வேலியில இருந்தேன். கடைக்காரப் பையன் வீட்டுக்கு வந்து, மூடியைக்கூடத் திறக்காம, “இங்க செக் பண்ண முடியாது அங்கிள்”னு சிபியுவைத் தூக்கிட்டுப் போயிட்டான். ரசீது இல்லை. சாயங்காலம் போன்: “அங்கிள், போர்டு உட் கயா”, அதாவது போர்டு போச்சு. அதோட விட்டானா, விண்டோஸ் 10ஐ அக்டோபர்ல மூடறாங்க, அதனாலதான் பழைய போர்டெல்லாம் இப்படி நின்னுடுதுன்னு ஒரு கதை வேற. அப்பாவுக்கு ஆடிட்டர் பயம், போர்டை மாத்த ₹7,500ஐ ஜிபே பண்ணிட்டார்.

அந்தக் கதை சுத்தப் பொய். 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்தினது விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டைத்தான். அதுக்கும் ஃபேன் சுத்தாததுக்கும் சம்பந்தமே கிடையாது. பவர் பட்டனை அமுக்கற நேரத்துல விண்டோஸ் இன்னும் படத்துக்குள்ளயே வரல. இன்னிக்கும் அதே விண்டோஸ் 10லதான் அப்பா பில் போடறார்.

நான் திரும்பி வந்து பார்த்தப்போ மெஷின் ஓடிட்டுதான் இருந்துச்சு. ஆனா பின்பக்கத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்துடுச்சு. போர்டுல இருக்கற யுஎஸ்பி, மானிட்டர் சாக்கெட்டெல்லாம் வெளிய தெரியறதுக்கு ஓட்டை வெட்டின ஒரு தகரத் தகடு இருக்குமே, அதைக் காணோம். அந்த இடம் காலியா கிடந்துச்சு, ஒரு பல்லி தாராளமா உள்ள போகலாம். புது போர்டு வாங்கினா அதுக்கான தகடு டப்பாவுலயே வரும். வேற ஏதோ மெஷின்லேர்ந்து உருவின போர்டைப் போட்டா பெரும்பாலும் இப்படி ஆகும். திரை மூலையில ‘ஆக்டிவேட் விண்டோஸ்’னு எழுத்து. போர்டு மாறினா லைசென்ஸ் கழண்டுக்கறது வழக்கம்தான், ஆனா அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. மூடியைத் திறந்தா ஒரே ஒரு ரேம்! எஸ்எஸ்டி மாட்டின அன்னிக்கு உள்பக்கத்தை போன்ல படம் எடுத்து வெச்சிருந்தேன், அதுல ரெண்டும் பளிச்சுன்னு தெரியுது.

இதைக் கேக்கக் கிளம்பறதுக்குள்ள மெஷின் மறுபடி படுத்துடுச்சு. அதே ஒரு சுத்து, அதே நிறுத்தம்.

அந்தக் கடைக்கு மறுபடி கொடுக்க மனசு வரல. கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி லாமிங்டன் ரோட்டுல நம்ம ஊர் அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட கொண்டுபோனேன். அவர் போர்டுமேல கையே வைக்கல. எஸ்எம்பிஎஸ்லேர்ந்து, அதாவது உள்ள இருக்கற பவர் சப்ளை டப்பாவுலேர்ந்து, வர்ற மஞ்சள் ஒயர்ல மீட்டர் முனையை வெச்சுட்டுப் பட்டனை அமுக்கினார். 12 வோல்ட் வரணும், அஞ்சு சதவீதம் ஏறலாம் இறங்கலாம், அதாவது 11.4க்குக் கீழ போகவே கூடாது. மீட்டர்ல சட்டுனு ஏறி 10 சொச்சத்துல விழுந்துச்சு. அவரோட எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினதும் மெஷின் சமத்தா ஆன் ஆச்சு. “இதுக்கு எதுக்கு போர்டை மாத்துனிய? பழைய சாமான்னா பவர் சப்ளையத்தான் மொதல்ல பாக்கணும்லா”ன்னார். புது எஸ்எம்பிஎஸ் ₹1,300.

கோளாறான பாகத்தை அப்படியே விட்டுட்டு, கோளாறு இல்லாததை மாத்தியிருக்காங்கன்னுதான் நான் நினைக்கறேன். ஆனா பழைய போர்டு நல்லா இருந்துச்சுன்னு நிரூபிக்க முடியாது, ஏன்னா அது எங்க கையில இல்லை. ‘குப்பையில போட்டாச்சு’ன்னாங்க. மாத்தின பாகத்தைக் கையோட வாங்கிக்கணும்னு நான் கத்தறது இதுக்குத்தான்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பார்க்கக்கூடியது நிறைய இருக்கு. மானிட்டரோட பவர் கேபிளும் சிபியுவோட பவர் கேபிளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், மாத்திப் போட்டுப் பாருங்க. பிளக்கை உருவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. ரேமைக் கழட்டி, அந்தப் பொன்னிறப் பல்லை ரப்பரால தேய்ச்சு, டக்னு சத்தம் வர்ற வரைக்கும் திரும்ப மாட்டுங்க. மும்பை மழைக்காலத்துக்கு இது ஒண்ணே பாதி மருந்து. தேதி தப்பா காட்டுதுன்னா போர்டுல இருக்கற சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். போர்டுல நிக்கற சின்ன உருளைகள்ல ஏதாவது தலை உப்பியிருந்தா போர்டுமேல சந்தேகப்படலாம். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் தயவுசெஞ்சு திறக்காதீங்க, பிளக்கை உருவின பிறகும் உள்ள இருக்கற கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.

கொடுத்தே ஆகணும்னா மூடியைத் திறந்து படம் எடுங்க, ரேம், டிஸ்க் சீரியல் நம்பரை வாட்ஸ்அப்புல கடைக்கே அனுப்பிட்டு அப்புறம் கொடுங்க.

கடையில முதல்ல பில் தர மாட்டோம்னாங்க. படத்தையும் ஜிபே விவரத்தையும் வெச்சு 1915ல, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல, புகார் பதிஞ்சோம். அதுக்கப்புறம் ரேம் மட்டும் ‘தவறுதலா எங்க கடையிலயே தங்கிடுச்சு’ன்னு வீடு தேடி வந்துச்சு. ₹7,500க்கு இன்னும் பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ரிட்டயர்டு ரயில்வேக்காரரான எங்க அப்பா இணைப்பு அ, இணைப்பு ஆன்னு நம்பர் போட்டு மனு அடிச்சுட்டிருக்கார். என்ன ஆகுதுன்னு இங்கயே எழுதறேன்.