வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவர்களிடம் 2 மாதச் சம்பளத்தை இழந்தேன்

நேற்று மாலை, வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன அந்த இணையச் சேவையிடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. என் பணம் திரும்பக் கிடைக்காது என்பதை இரண்டே வரிகளில் சொல்லி, கோரிக்கை முடித்துவைக்கப்பட்டதாக அறிவித்திருந்தார்கள். இரவு முழுவதும் உறக்கமில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனது 2 மாதச் சம்பளம், அதாவது பணிநீக்கத்தின்போது நிறுவனம் கொடுத்த 4 மாத இழப்பீட்டில் சரிபாதி. மென்பொருள் துறையில் வேலை இழந்து, அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருக்கும் வேறு எவரும் இதே குழியில் விழக் கூடாது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்பது ஆண்டுகள் பேக்எண்ட் பொறியாளராக, அதாவது பயனர் கண்ணுக்குத் தெரியாத சர்வர் பக்க மென்பொருளை எழுதுபவராக, வேலை பார்த்தேன். ஒரு நாள் காலை லேப்டாப்பில் உள்நுழைய முடியவில்லை. கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, என் சொந்த மின்னஞ்சலுக்குப் பணிநீக்கக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த ஐந்து மாதங்களில் 212 விண்ணப்பங்கள் அனுப்பினேன். அவற்றில் ஒன்பதுக்கு அழைப்பு வந்தது. மூன்றில் இறுதிச் சுற்று வரை போனேன். அந்த மூன்றில் ஒன்றில், ஐந்து சுற்றுகளையும் முடித்த பிறகு அந்தப் பணியிடமே ரத்தாகிவிட்டது என்றார்கள். மற்றவற்றுக்கு 'இல்லை' என்ற பதில்கூட வரவில்லை. இந்த மௌனத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த நிலையில்தான் இந்தச் சேவை கண்ணில் பட்டது. வேலை தேடும் பொறியாளர்களுக்கு ரெஸ்யூம் திருத்தித் தருவது, அவர்கள் சார்பில் விண்ணப்பிப்பது, மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துவது, நிறுவனங்களின் உள்ளே இருப்பவர்கள் மூலம் ரெஃபரல் (பரிந்துரை) வாங்கித் தருவது எல்லாம் செய்வார்களாம். 90 நாள்களுக்குள் வேலை கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உடனே பணம் கட்டிவிடும் அளவுக்கு நான் ஏமாளி அல்ல. முதலில் இலவச ஆலோசனைக்குத்தான் நேரம் கேட்டேன்.

காணொளி அழைப்பில் வந்த ஆலோசகர் முதல் கால் மணி நேரம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை வேலையை விட்டு அனுப்பியதையும், 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரை அனுப்பியதையும் நினைவூட்டி, அப்படி வெளியே வந்தவர்களும் நானும் ஒரே பணியிடத்துக்குத்தான் வரிசையில் நிற்கிறோம், ஆகவே கிடைக்காமல் போவது என் திறமையின் குறை அல்ல என்றார். அந்த எண்கள் உண்மையானவை என்பதால் அடுத்து வந்தவற்றையும் உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். தானும் 2023-இல் பணிநீக்கம் செய்யப்பட்டவர்தான் என்றார். பிறகு என் ரெஸ்யூமைத் திரையில் திறந்து, பணப் பரிவர்த்தனைச் சேவை ஒன்றின் தாமதத்தை 900 மில்லி விநாடியிலிருந்து 140-க்குக் குறைத்ததாக நான் எழுதியிருந்த வரியின் மேல் கர்சரை நிறுத்தி, "இந்த வரியை எழுதியவர் இந்நேரம் வேலையில் இருந்திருக்க வேண்டும்" என்றார். ஐந்து மாதங்களில் என் வேலையைப் பற்றி இன்னொரு மனிதர் சொன்ன முதல் நல்ல சொல் அதுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று மாலையே 2 மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். தள்ளுபடியை லாபம் என்று நினைத்தேன். (அதே 'இந்நேரம் வேலையில் இருந்திருக்க வேண்டும்' என்ற வாக்கியத்தைத் தன் ரெஸ்யூமின் வேறொரு வரிக்காகக் கேட்டு, அதே போலப் பணம் கட்டிய இன்னொருவரின் புலம்பலைப் போன வாரம் படித்தேன்.)

முதல் மாதம் எந்த அழைப்பும் வரவில்லை. கேட்டபோது, சந்தை அப்படித்தான் இருக்கிறது, பொறுமை வேண்டும் என்றார்கள். இங்கேதான் அந்த மௌனம் வருகிறது. விண்ணப்பித்தால் பதில் வராது என்பதே வழக்கமாகிவிட்ட காலத்தில், ஒருவர் நமக்காக உண்மையாகவே உழைத்தும் பதில் வரவில்லையா, அல்லது ஒன்றுமே செய்யாததால் வரவில்லையா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அவர்களுடைய வியாபாரம் முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது.

ஏழாவது வாரம் ஒரே ஓர் அழைப்பு வந்தது. நேர்முகம் எடுத்தவர் சிறிது நேரம் பேசிவிட்டு, "உங்கள் ரெஸ்யூமில் காஃப்கா 11 முறை வருகிறதே, அதில் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். காஃப்கா என்பது சேவைகளுக்கிடையே தரவைத் தொடர்ந்து கடத்தும் ஒரு மென்பொருள். நான் அதைத் தொட்டதே இல்லை. அழைப்பு முடிந்ததும் இவர்கள் திருத்திய ரெஸ்யூமைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்வு செய்து, எழுத்தின் நிறத்தை விட்டுவிட்டு வெறும் எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, காஃப்கா, குபர்நெட்டிஸ், டெராஃபார்ம் என்று மென்பொருள் கருவிகளின் பெயர்களை ஒரு பத்தி முழுக்கத் திணித்திருந்தார்கள். என் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை. விண்ணப்பங்களைப் பிரிக்கும் மென்பொருள் நிறத்தைப் பார்ப்பதில்லை. எழுத்தை மட்டும் உருவி எடுத்து வைப்பதால், எதிரே இருந்தவருக்கு அது பளிச்சென்று தெரிந்திருக்கிறது. என் பெயரில் ஒரு பொய்யை வெளியே அனுப்பிவைக்க நானே 2 மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு அனுப்பிய விண்ணப்பங்களின் பட்டியலைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்புவதாகச் சொன்னவை, நள்ளிரவு மூன்று மணிக்கு மூன்று நிமிடத்துக்குள் 41 என்ற கணக்கில் போயிருந்தன. ஒரே நிறுவனத்துக்கு 14 வெவ்வேறு பணிகளுக்காக விண்ணப்பம் போயிருந்தது. என்னை வெளியே அனுப்பிய நிறுவனத்துக்கே, அதுவும் என் பழைய குழுவுக்கே, ஒன்று போயிருந்தது. இதைவிட அவமானம் வேறென்ன இருக்கிறது!

90 நாள் முடிந்த மறுநாளே பணத்தைத் திரும்பக் கேட்டேன். முதலில் ஒரு டிக்கெட் (புகார்ப் பதிவு) எண் கொடுத்தார்கள். பிறகு, உரிய குழுவின் பரிசீலனைக்கு 30 நாள் ஆகும் என்றார்கள். 30 நாள் கழித்து, பழைய டிக்கெட் தானாக மூடப்பட்டுவிட்டது, புதிதாக ஒன்று திறக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆலோசகரைக் கேட்டால், அவர் இப்போது எங்களுடன் இல்லை என்று பதில். (அவரையும் பணிநீக்கம் செய்துவிட்டார்கள் போலும்.) தொலைபேசி எண் கிடையாது, அரட்டைப் பெட்டியில் ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் கொண்ட ஒருவர் வந்து, என் சிரமம் புரிகிறது என்று தொடங்கி, முதலிலிருந்து சொல்லச் சொல்வார்.

கடைசியில் நேற்று காரணம் தெரிந்தது. வாரம் ஒன்றாக நடந்த 13 பயிற்சி அமர்வுகளில் ஒன்றுக்கு நான் போகவில்லையாம். எல்லா அமர்வுகளிலும் கலந்துகொண்டவர்களுக்கு மட்டுமே பணம் திரும்பும் என்பது ஒப்பந்தத்தின் எட்டாவது பக்கத்தில் இருக்கிறது. அன்று நான் ஏன் போகவில்லை? நானாகவே விண்ணப்பித்துப் பெற்ற ஒரு நேர்முகத் தேர்வு அதே நேரத்தில் இருந்தது. முன்கூட்டியே சொன்னேன், "வாழ்த்துகள், நல்லபடியாகச் செய்யுங்கள்" என்று அவர்களே அனுப்பிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனதைக் காரணம் காட்டி, வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் 2 மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டார்கள்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். வேலை தேடுபவரிடம் பணம் கேட்கும் யாரையும் சந்தேகியுங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பணியாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதை, சில விதிவிலக்குகளுக்கு இடம் விட்டு, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை எண் 181 தன் 7-ஆம் பிரிவில் சொல்கிறது. இவர்கள் தங்களை முகமை என்று சொல்லாமல் பயிற்சி என்று சொல்லிக்கொள்வது ஏன் என்று இப்போது விளங்குகிறது. பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால் கார்டில் கட்டுங்கள். சேவை தரவில்லை என்று வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். அதற்கும் கெடு உண்டு என்பதால் பரிசீலனை என்று இழுத்தடிப்பவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள். திரும்பப் பெறும் நிபந்தனைகளைப் பணம் அனுப்புவதற்கு முன் படியுங்கள். உங்கள் ரெஸ்யூமை வேறு யார் தொட்டாலும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். 2 மாதச் சம்பளம் போனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் எழுந்திருக்கும் நேரமாகிவிட்டது.